காவிரிப் படுகையில் வீட்டு வரிச் சலுகை

வீட்டு வரிச் சலுகை என்பது, குடியிருக்கும் வீட்டின் மீது உள்ளாட்சி அமைப்பு விதிக்கும் வரியில், அதைச் செலுத்த இடர்ப்படும் குடும்பங்களுக்கு அளிக்கப்படும் விலக்கு, குறைப்பு அல்லது தள்ளுபடி ஆகும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்கள் அடங்கிய காவிரிப் படுகையில் இச்சலுகை எவ்வாறு அமைந்துள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ்நாட்டின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் சலுகை பொதுவாகக் குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்து அளிக்கப்படுவதில்லை. நிலம், கூரை, கட்டடத்தின் பரப்பு ஆகியவற்றைப் பார்த்தே அளிக்கப்படுகிறது. இதனால் ஏழைகளுள் சிலர் பயன்பெறுகின்றனர், வேறு சிலர் விடுபட்டுப் போகின்றனர்.

பெயர்கள்

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகியவற்றில் இவ்வரி சொத்து வரி எனப்படுகிறது. கிராம ஊராட்சிகளில் சட்டப்படியும் பேச்சு வழக்கிலும் வீட்டு வரி என்பதே பெயர். இலங்கையில், குறிப்பாக யாழ்ப்பாணத்தில், இதற்கு இணையான வரி சோலை வரி என வழங்கப்படுகிறது. விளைநிலத்தின் மீது மாநில அரசு விதிக்கும் நிலவரி வேறு. அதனைத் தீர்வை என்றும் கிஸ்தி என்றும் கூறுவர். கிஸ்தி கிராம நிர்வாக அலுவலர் வழியாக அரசுக்குச் செல்கிறது. வீட்டு வரியோ ஊராட்சி அல்லது நகராட்சியின் சொந்த வருவாய் ஆகும். ஆகையால் வீட்டு வரியில் ஒருவருக்குக் குறைக்கப்படும் தொகை, அதே ஊரின் தெருவிளக்கிற்கும் குப்பை அகற்றலுக்கும் உரிய பணத்திலிருந்தே குறைகிறது.

வரலாறு

குடியிருப்பு நிலத்தை வரியிலிருந்து விலக்குவது இப்பகுதியில் மிகப் பழைய வழக்கம் ஆகும். 1010 ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், முதலாம் இராசராசன் கோயிலுக்கு அளித்த ஊர்களின் நிலக்கணக்கு விரிவாகப் பொறிக்கப்பட்டுள்ளது. ஒவ்வோர் ஊரின் மொத்தப் பரப்பும் முதலில் தரப்படுகிறது. பின்னர் அவ்வூரின் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாளர் சேரி, சுடுகாடு ஆகியவை இறையிலி நிலங்களாகக் கழிக்கப்பட்டு, எஞ்சிய நிலத்திற்கே காணிக்கடன் கணக்கிடப்படுகிறது. இதனை ஏழைகளுக்குக் காட்டிய பரிவு என்று கொள்வது பொருந்தாது. விளைச்சல் தராத நிலம் என்பதே விலக்கின் அடிப்படை. எனினும் சேரியில் குடியிருந்த உழைப்பாளியின் மனை அரசின் நிலக்கணக்கில் வரியற்றதாக இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

வீட்டின் மீதான வரியே அக்காலத்தில் இல்லை என்றும் கூற இயலாது. சோழர் கல்வெட்டுகளில் மனை இறை என்னும் வரி காணப்படுகிறது. விசயநகரக் காலத்தில் வாசல் பணம் என்ற பெயரில் வீட்டு வாசலைக் கணக்கிட்டு வரி பெறப்பட்டது. 1799 இல் இரண்டாம் சரபோசி மன்னர் தஞ்சை நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணம் முழுதும் மொதர்பா எனப்பட்ட வரித்தொகுதி நடைமுறையில் இருந்தது. தறி, கடை, தொழிற்கருவி, வீடு எனப் பலவற்றின் மீது விதிக்கப்பட்ட இவ்வரிகள் பெரும்பாலும் நிலமற்ற கைவினைஞர்களையே தாக்கின.

தஞ்சாவூர் நகராட்சி 1866 இல் தோற்றுவிக்கப்பட்டது. அதன்பின் வீட்டு வரி ஊரின் செலவுக்கு ஊரார் தரும் வரியாக உருமாறியது. 1920 ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் வரியின் அடிப்படையைத் தெளிவாக வரையறுத்தது. ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என மதிப்பிட்டு, பழுதுபார்ப்புச் செலவுக்காக ஒரு பகுதியைக் கழித்து, எஞ்சிய ஆண்டு மதிப்பில் குறிப்பிட்ட விழுக்காடு வரியாகப் பெறப்பட்டது. வழிபாட்டிடங்கள், சத்திரங்கள், இடுகாடுகள் முதலியவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. வறுமை காரணமான விலக்குக்கு இதைப் போன்ற தெளிவான இடம் அமையவில்லை.

நிலவரித் தள்ளுபடியும் வீட்டு வரியும்

காவிரிப் படுகையில் வரித் தள்ளுபடி என்றால் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது நிலவரித் தள்ளுபடியே ஆகும். பழைய வருவாய்த்துறை வழக்கில் இது வஜா எனப்படும். ஆற்றில் நீர் வராமலோ வெள்ளத்தில் மூழ்கியோ பயிர் பொய்த்தால் அந்தப் பசலிக்குரிய தீர்வை குறைக்கப்படும் அல்லது நீக்கப்படும். பசலி ஆண்டு சூலை 1 அன்று தொடங்குவதால் இக்கணக்கு சாகுபடிப் பருவத்தோடு ஒத்துப் போகிறது. 2016 இல் பருவமழை பொய்த்தபின், 2017 சனவரி 10 அன்று தமிழ்நாடு அரசு மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்து நிலவரியைத் தள்ளுபடி செய்தது.

இத்தகைய தள்ளுபடி நிலம் உடையவருக்கே உரியது. நடவு, களையெடுப்பு, அறுவடை வேலைகளை நம்பி வாழும் நிலமற்ற தொழிலாளர் கிஸ்தி கட்டுவதில்லை. ஆகையால் கிஸ்தித் தள்ளுபடியால் அவருக்குப் பயனும் இல்லை. அதே வறட்சியில் அவர் இழப்பது கூலியை. அவர் பெயரில் ஊராட்சி அலுவலகப் பதிவேட்டில் இருப்பது வீட்டு வரி மட்டுமே. பயிர் பொய்த்தால் தீர்வை குறைகிறது. வேலை பொய்த்தால் வீட்டு வரி தானாகக் குறைவதில்லை. தொகை சிறியதே எனினும், இரு வரிகளின் அமைப்பிலும் உள்ள இவ்வேறுபாடு நிலவுடைமையை மையமாகக் கொண்ட ஒரு சமூகத்தின் எச்சமாகவே தெரிகிறது.

மனையும் இரசீதும்

வீட்டு வரிச் சலுகையைப் புரிந்துகொள்ள, வீடு நிற்கும் மனை யாருடையது என்ற கேள்வியையும் பார்க்க வேண்டும். படுகைப் பகுதியில் பண்ணைத் தொழிலாளர் பலர் தலைமுறைகளாக மிராசுதார்களின் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தனர். கூலி கேட்டால் குடிசையை இழக்க நேரிடும் என்ற நிலை இருந்தது. 1968 திசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 44 பேர் குடிசையொன்றில் எரித்துக் கொல்லப்பட்டனர். பின்னர் 1971 இல் இயற்றப்பட்ட குடியிருப்புதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம், அவ்வாறு குடியிருந்த உழவுத் தொழிலாளர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் அவர்கள் வாழ்ந்த மனையின் உரிமையை அளித்தது.

வேறொரு வகை, கோயில் மற்றும் மடங்களின் நிலத்தில் அமைந்த வீடுகள் ஆகும். தஞ்சாவூர் அரண்மனை தேவத்தானத்தின் பொறுப்பில் மட்டும் 88 கோயில்கள் உள்ளன. திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்களுக்கும் இப்பகுதியில் பரந்த நிலங்கள் உண்டு. இந்நிலங்களில் வீடு கட்டியிருப்போர் அடிமனை வாடகையைக் கோயிலுக்கும், கட்டடத்திற்கான வரியை ஊராட்சிக்கும் அல்லது நகராட்சிக்கும் செலுத்துகின்றனர்.

இத்தகைய குடும்பங்களுக்கு வீட்டு வரி ஒரு சுமை மட்டும் அன்று. வரி இரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. ஆயினும் ஒருவர் குறிப்பிட்ட வீட்டில் வாழ்ந்து வருகிறார் என்பதற்கு அது சான்றாகக் காட்டப்படுகிறது. மின் இணைப்பு பெறுவதற்குக் காட்டப்படும் ஆவணங்களுள் சொத்து வரி இரசீதும் ஒன்று. பட்டா இல்லாத குடும்பம் ஆண்டுதோறும் தவறாமல் வரி கட்டி, இரசீதுகளை நெகிழிப் பையில் இட்டுப் பெட்டியில் பாதுகாப்பது ஊர்களில் சாதாரணமாகக் காணக்கூடியது. எனவே ஏழை வீடுகளைப் பதிவேட்டிலிருந்தே நீக்கிவிடும் விலக்கு அவர்களுக்கு உதவியாக இராது. பதிவேட்டில் வீட்டை வைத்துக்கொண்டு, வரித் தொகையை மட்டும் சுழியம் எனக் குறித்து இரசீது தருவதே பயனுள்ள விலக்காகும். வரிச் சலுகை பற்றிய பொது விவாதங்களில் இவ்வேறுபாடு அரிதாகவே பேசப்படுகிறது.

கூரையை அளவுகோலாகக் கொள்ளல்

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 இன் படி கிராம ஊராட்சிகள் வீட்டு வரி விதிக்கின்றன. இதனுடன் நூலக வரியும் சேர்த்துப் பெறப்படுகிறது. ஊராட்சிகளில் வரியை முடிவு செய்வதில் கட்டடத்தின் வகை முக்கியமானது. கூரை வீடு, ஓட்டு வீடு, காரை வீடு எனப்படும் கற்காரைத் தளமிட்ட வீடு என்ற வரிசையில் வரி உயர்ந்து செல்கிறது. கீற்று வேய்ந்த வீட்டில் வாழ்பவர் ஏழை, தளம் போட்ட வீட்டில் வாழ்பவர் வசதியானவர் என்ற எடுகோள் இதன் பின்னால் உள்ளது.

இந்த எடுகோள் ஒரு காலத்தில் ஓரளவு பொருந்தியிருக்கலாம். 2010 இல் தொடங்கப்பட்ட கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011 இல் அறிவிக்கப்பட்ட 300 சதுர அடி சூரியசக்தி பசுமை வீடுகள் திட்டம், 2016 முதலான பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டம், 2024 இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டம் ஆகியவை குடிசைகளுக்கு மாற்றாக நிலையான தளமிட்ட வீடுகளைக் கட்டித் தருவதை நோக்கமாகக் கொண்டவை. 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்த கசா புயல் எண்ணற்ற கூரை வீடுகளை அழித்தது. புயலுக்குப் பின் தளம் போட்ட வீட்டின் தேவை மேலும் உணரப்பட்டது.

இத்திட்டங்களில் வீடு பெற்ற குடும்பத்தின் வருமானம் உயரவில்லை. பல குடும்பங்கள் அரசு மானியத்திற்கு மேல் ஆகும் செலவுக்குக் கடன் பெறவும் நேர்கிறது. ஆனால் வரிப் பதிவேட்டில் வீட்டின் வகை மாறிவிடுகிறது. ஆக, கூரை என்னும் அளவுகோல் வறுமையைக் காட்டும் ஆற்றலை இழந்து வருகிறது. இத்திட்ட வீடுகள் எல்லாம் மிகச் சிறியவை என்பதால், பரப்பை அளவுகோலாகக் கொண்டால் இவை மீண்டும் சலுகைக்குள் வந்துவிடும்.

பரப்பை அளவுகோலாகக் கொள்ளல்

நகர்ப்புறங்களில் பின்பற்றப்படுவது இம்முறையே. தஞ்சாவூர் 2014 இலும் கும்பகோணம் 2021 இலும் மாநகராட்சிகளாகத் தரம் உயர்த்தப்பட்டன. மன்னார்குடி, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, பட்டுக்கோட்டை முதலியவை நகராட்சிகள். இவற்றில் வீடு அமைந்துள்ள பகுதி, கட்டடத்தின் வகை, பயன்பாடு, வயது, பரப்பு ஆகியவற்றைக் கொண்டு வரி கணக்கிடப்பட்டு அரையாண்டுக்கு ஒருமுறை பெறப்படுகிறது.

சென்னை தவிர்த்த நகரங்களில் 2008 இல் பொதுச் சீராய்வு நடந்தது. 2018 இல் வரி மீண்டும் உயர்த்தப்பட்டது. ஆயினும் பரவலான எதிர்ப்பினால் அவ்வுயர்வு 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. இதற்கிடையே பதினைந்தாவது நிதி ஆணையம், சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிப்பதையும் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப ஆண்டுதோறும் வரியை உயர்த்துவதையும் நகர்ப்புற மானியத்திற்கு நிபந்தனையாக்கியது. இதனையடுத்து 2022-23 ஆம் ஆண்டின் முதல் அரையாண்டிலிருந்து தமிழ்நாட்டில் புதிய உயர்வு நடைமுறைக்கு வந்தது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகள் ஆகியவற்றில் குடியிருப்புகளுக்கான உயர்வு நான்கு படிநிலைகளாக அமைந்தது. 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25%, 601 முதல் 1200 வரை 50%, 1201 முதல் 1800 வரை 75%, 1800 சதுர அடிக்கு மேல் 100% என உயர்வு விதிக்கப்பட்டது. இதனை எதிர்த்து எதிர்க்கட்சிகள் மாநிலம் முழுதும் ஆர்ப்பாட்டம் செய்தன.

இதில் சிறிய வீட்டுக்குக் கிடைப்பது வரி விலக்கு அன்று, குறைந்த உயர்வு மட்டுமே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆயினும் ஏழைகள் சிறு வீடுகளில் வாழ்கின்றனர் என்ற எண்ணத்தில் அமைந்த சலுகை இது. அலுவலர் எவருடைய வருமானத்தையும் விசாரிக்க வேண்டியதில்லை; அளவு நாடா போதும். கையூட்டுக்கும் இழுத்தடிப்புக்கும் இடம் குறைவு என்பது இம்முறையின் உண்மையான வலிமை ஆகும்.

குறைகளும் உள்ளன. முதலாவது, படிநிலைகளின் எல்லையில் ஏற்படும் திடீர்த் தாவல். எடுத்துக்காட்டாக, முன்பு சதுர அடிக்கு அரையாண்டுக்கு 70 காசு வரி எனக் கொள்வோம். 600 சதுர அடி வீட்டின் பழைய வரி 420 ரூபாய். 25% உயர்ந்தால் 525 ரூபாய். 610 சதுர அடி வீட்டின் பழைய வரி 427 ரூபாய். 50% உயர்ந்தால் 640 ரூபாய் 50 காசு. பத்து சதுர அடி கூடுதலாக இருப்பதால் வரி 115 ரூபாய்க்கு மேல் கூடுகிறது. வருமான வரியில் உயர்ந்த விழுக்காடு, எல்லையைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே பொருந்தும். இங்கே அது வீட்டின் முழுப் பரப்புக்கும் பொருந்துகிறது. வீட்டுக்குப் பின்னால் கழிப்பறை ஒன்று கட்டிக்கொண்ட குடும்பம் இந்த எல்லையைத் தாண்டிவிடக் கூடும்.

இரண்டாவது குறை, பழைய வீடுகளைப் பற்றியது. தஞ்சாவூரின் நான்கு இராச வீதிகளிலும் கும்பகோணத்தின் பழைய தெருக்களிலும் திண்ணை, இரேழி, கூடம், முற்றம், கொல்லை என நீண்டு செல்லும் வீடுகள் உள்ளன. முன்புறம் குறுகலாகத் தோன்றும் இவ்வீடுகளின் கட்டடப் பரப்பு 1800 சதுர அடியை எளிதில் தாண்டும். இவற்றுள் சிலவற்றில் ஓய்வூதியமோ பிள்ளைகளின் உதவியோ இன்றி முதியவர்கள் தனியாக வாழ்கின்றனர். ஓடு மாற்றக்கூடப் பணமில்லாத அவர்களது வீட்டுக்கு 100% உயர்வும், புறநகரில் 1100 சதுர அடியில் புதிதாகக் கட்டிய மாதச் சம்பளக்காரரின் வீட்டுக்கு 50% உயர்வும் பொருந்துகின்றன. வீட்டை விற்றால் அவர்களுக்குப் பணம் கிடைக்குமே என்பது பொதுவாகக் கூறப்படும் மறுமொழி. பாகப்பிரிவினை ஆகாத வீட்டில் அது எளிதன்று. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துத் தனித்தனி வரிவிதிப்பு எண் பெற்றால் ஒவ்வொரு பகுதியும் கீழ்ப் படிநிலைக்குள் வர வாய்ப்பு உண்டு.

மூன்றாவது, வாடகைக்குக் குடியிருப்போர். ஸ்டோர் என்று அழைக்கப்படும் வரிசை வீடுகளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருப்பது ஓர் அறையும் சமையல் மூலையும் மட்டுமே. கட்டடம் முழுவதும் ஒரே வரிவிதிப்பு எண்ணில் இருந்தால், எட்டுக் குடும்பங்களின் இடமும் சேர்ந்தே அளக்கப்படும். மிகச் சிறிய இடத்தில் வாழும் குடும்பங்கள், பெரிய கட்டடத்துக்குரிய உயர்வை வாடகை வழியாகத் தாங்க நேரிடுகிறது.

காலமும் தவணையும்

2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 அதற்கான புதிய விதிகளுடன் நடைமுறைக்கு வந்தது. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், வரியைச் செலுத்துவோருக்கு 5% ஊக்கத்தொகை அளிக்கப்படுகிறது. இதன் உச்சவரம்பு 5,000 ரூபாய். காலம் தாழ்த்துவோர் தண்ட வட்டி செலுத்த வேண்டும்.

இது எல்லோருக்கும் பொதுவான சலுகை. ஆயினும் காவிரிப் படுகையின் வேலை நாட்காட்டியோடு ஒப்பிட்டால் வேறு விதமாகத் தோன்றுகிறது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் சூன் 12. சம்பா, தாளடி அறுவடை பெரும்பாலும் சனவரி முதல் மார்ச்சு வரை நடந்து முடிந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் ஆழ்துளைக் கிணற்றுப் பாசனம் உள்ள ஊர்களைத் தவிர மற்றவற்றில் வயல் வேலை மிகக் குறைவு. கையில் பணம் இல்லாத மாதத்தில் முன்கூட்டிச் செலுத்துபவருக்கே ஊக்கத்தொகை. மாதச் சம்பளம் பெறுபவருக்கு இது எளிது. பொங்கலை ஒட்டிக் கூலி பெறும் குடும்பம் இந்த 5% சலுகையை இழப்பதோடு வட்டியையும் சேர்த்துக் கட்டும் நிலை ஏற்படலாம். அறுவடைக் காலத்தை ஒட்டித் தவணை வைப்பது செலவில்லாத சலுகையாக இருக்கும். பழைய கிஸ்தித் தவணைகள் அறுவடையைக் கருத்தில் கொண்டே வகுக்கப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

நகரத்தை ஒட்டிய கிராம ஊராட்சிகள் மாநகராட்சியுடன் இணைக்கப்படும்போதும் இச்சிக்கல் எழுகிறது. வீடும் வருமானமும் மாறாமல் இருக்க, வரி கணக்கிடும் முறை மட்டும் மாறிவிடுகிறது. இணைப்பை எதிர்க்கும் ஊர்களில் வரி உயரும் என்ற அச்சம் முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது.

பிற இடங்களில்

மும்பையில் 2022 சனவரி 1 முதல் 500 சதுர அடி வரையான குடியிருப்புகளுக்குச் சொத்து வரி முழுவதும் நீக்கப்பட்டது. முன்னதாக 2019 இல் வரியின் ஒரு கூறான பொது வரி மட்டுமே நீக்கப்பட்டதால், விலக்கு பெற்றதாக எண்ணிய குடும்பங்களுக்கும் எஞ்சிய கூறுகளுக்கான கேட்பு இருந்தது. கேரளத்தில் 2023 ஏப்ரல் முதல் சொந்தமாகக் குடியிருக்கும் 60 சதுர மீட்டர் வரையான வீடுகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இவ்விரண்டும் பரப்பை அளவுகோலாகக் கொண்டவை. தில்லியில் வீட்டோடு உரிமையாளரையும் பார்க்கின்றனர். பெண்கள், மூத்த குடிமக்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர் ஆகியோர் சொந்தமாகக் குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு, 200 சதுர மீட்டர் பரப்பு வரை 30% தள்ளுபடி உண்டு. தஞ்சாவூரின் பழைய வீதியில் தனியே வாழும் முதியவருக்கு இம்முறை பயன்படும். ஆனால் வசதி படைத்த மூத்த குடிமகனுக்கும் அதே அளவு பயன்படும்.

வருமானத்தையே நேரடியாகப் பார்க்கும் முறை அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலத்தில் 1964 இல் தொடங்கியது. வீட்டு வரி குடும்ப வருமானத்தோடு ஒப்பிடுகையில் அளவுக்கு மீறிப் போனால், மிகையான பகுதியின் ஒரு பங்கை மாநில அரசு திருப்பித் தருகிறது. மின்சுமை மிகும்போது இணைப்பைத் துண்டிக்கும் சுற்று முறிப்பானின் பெயராலேயே இம்முறை அழைக்கப்படுகிறது. வாடகையில் ஒரு பங்கு வரியாகக் கருதப்படுவதால் குடியிருப்போரும் விண்ணப்பிக்கலாம். இழப்பை உள்ளாட்சி அமைப்பு ஏற்பதில்லை, மாநில அரசு ஏற்கிறது. இங்கிலாந்தில் 2013 ஏப்ரலில் நாடு தழுவிய வரி உதவி நீக்கப்பட்டு, ஒவ்வோர் உள்ளாட்சி மன்றமும் தனக்கெனத் திட்டம் வகுக்கும் முறை வந்தது. ஓய்வுக்கால வயதினருக்குரிய உதவி மட்டும் தேசிய அளவில் பாதுகாக்கப்பட்டது.

இம்முறையைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவருவதில் உள்ள தடை வெளிப்படையானது. விசுகான்சினில் பெரும்பாலான குடும்பங்கள் வருமானக் கணக்கு தாக்கல் செய்கின்றன. காவிரிப் படுகையின் கூலித் தொழிலாளிக்கோ சிறு குத்தகை உழவருக்கோ அத்தகைய கணக்கு இல்லை. வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும் வருமானச் சான்றிதழ் கல்வி உதவித்தொகை முதலியவற்றுக்குப் பயன்படுகிறது. சில நூறு ரூபாய் வரிச் சலுகைக்காக ஒரு நாள் கூலியை இழந்து அதனைப் பெற எத்தனை பேர் முன்வருவர் என்பது ஐயத்திற்குரியது. முதியோர் உதவித்தொகை பெறுவோரின் பட்டியல் ஏற்கெனவே அரசிடம் உள்ளது. அதனை வரிவிதிப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டால், புதிய சான்றிதழ் எதுவும் கேட்காமலேயே வருமானம் அற்ற வீட்டு உரிமையாளர்களுள் ஒரு பகுதியினரைக் கண்டறிய இயலும்.

மறுபரிசீலனை கோருதல்

வரி மிகையாக விதிக்கப்பட்டதாகக் கருதும் உரிமையாளர் ஆணையரிடம் மறுபரிசீலனை மனு அளிக்கலாம். அதன் முடிவில் நிறைவு இல்லையெனில் மேல்முறையீடும் செய்யலாம். அளவு தவறு, பயன்பாடு தவறாகப் பதிவானது, கட்டடத்தின் வயது கணக்கில் எடுக்கப்படாதது முதலியவை இம்மனுக்களில் எழுப்பத்தக்க காரணங்கள். வாசலில் சிறு பெட்டிக்கடை இருப்பதால் வீடு முழுவதும் வணிகக் கட்டடமாகப் பதிவாகியிருந்தால், கடையின் பரப்பைத் தனியே பிரித்துப் பதியுமாறு கோரலாம். மனுவுடன் முந்தைய அரையாண்டுகளின் இரசீதுகளை இணைப்பது நன்று.